பழைய மெஷின் போன பக்கம்

அந்த ஆண்டு பிப்ரவரி மாதம், இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஊரில் தைத்த துணி உடுத்தியிருந்த அனைவரும் கடைத்தெருவை நோக்கி நகரத் தொடங்கினார்கள். வேகம் அதிகமில்லை, கைக்குழந்தையோடு நடப்பவரின் வேகம்தான். நிற்கப் பார்த்தவர்களைத் தோள்பட்டைத் தையல் முன்னால் இழுத்தது. திரும்பிப் போகப் பார்த்தவர்களுக்குக் காலர் கழுத்தை இறுக்கியது. ஆயத்த ஆடை அணிந்திருந்த சிலருக்கு மட்டும் எதுவும் நேரவில்லை. முடிதிருத்துபவர் அவர்களில் ஒருவர். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு எழுந்து போன வாடிக்கையாளரைப் பின்தொடர்ந்து, மீதியை நடந்தபடியே சிரைத்து முடித்தார்.

முதல் நாள் பழி கஞ்சியின் மேல் விழுந்தது. சலவைக்காரர் கஞ்சியை மாற்றிப் பார்த்தார். மறுநாளும் அதே நேரம், அதே தெரு. எல்லோரும் போய் முட்டி நின்ற இடம் தையல் மெஷின் கடை வாசல் என்பதையும், கண்ணாடிக்குப் பின்னால் தையல்காரம்மாவின் பழைய மிதி மெஷின் நிற்பதையும் அப்போதுதான் கவனித்தார்கள். கடைக்காரர் சாப்பிடப் போகும்போது இரும்புக் கதவை இழுத்து மூடினார், துணிகளின் இழுப்பு விட்டது. வந்து திறந்தார், மறுபடி பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை.

ஊருக்குத் தையல்காரம்மா ஒருவர்தான். பள்ளிச் சீருடை முதல் வங்கி மேலாளரின் கோட்டு வரை அந்த ஒரே மெஷினில் தைத்தவர். திங்கட்கிழமை மாலை அதைக் கடையில் கொடுத்து, மேற்கொண்டு பணமும் கட்டி, பஞ்சுப் போர்வை தைக்கும் புது மெஷினை எடுத்து வந்திருந்தார். பழையதன் ஊசிக் கைக்கு அடியில் ஒரு தலையணைகூட நுழையாது. புதியதில் மெத்தையையே சுருட்டி நுழைக்கலாம். அவருடைய ஆசைக்குக் காரணம் எளிமையானது. போர்வைக்கு அளவு எடுக்க வேண்டாம். அக்குள் பிடிக்கிறது, இடுப்பு தொளதொள என்று யாரும் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள். வெட்டி விழுந்த துணித்துண்டுகளை மூட்டைமூட்டையாகக் கட்டி அலமாரி மேல் ஏற்றி வைத்து, இந்த மெஷினுக்காகவே பல வருடம் காத்திருந்தார். முதல் போர்வையில் பாதி முடிந்திருந்தது.

தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் நாத்தனார்தான் ஊர்க் குறையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"அண்ணி, முத்திரை குத்திக்கிட்டே கிளம்பிட்டேன். வரிசையில நின்னவங்களும் கூடவே வந்துட்டாங்க. ஒரு நல்லது, வரிசை கலையல."

"ரெடிமேட்ல ஒண்ணு வாங்கிப் போட்டுக்கோயேன். நான் போட்டிருக்கேன் பாரு."

"பார்க்கறேனே. தலையணை உறைக்குக் கை முளைச்ச மாதிரி இருக்கு. அதைப் போட்டுட்டு நான் ஆபீஸ் போகணுமா?"

ஊரின் சிக்கலும் அதுதான். துணியை மாற்றினால் தீர்ந்தது. மாற்ற ஒருவருக்கும் மனமில்லை, எல்லாம் அத்தனை கச்சிதமாக இருந்தன. எனவே மெஷினையே திரும்ப வாங்கிக்கொள்ளும்படி தையல்காரம்மாவிடம் கேட்டார்கள். அவர் கடைக்குப் போனார்.

"தாராளமா எடுத்துக்கோ தங்கச்சி. புதுசைக் கொண்டுவந்து வச்சிடு" என்றார் கடைக்காரர். "ரெண்டும் உனக்கேன்னா நான் எதுக்குக் கடை போட்டு உக்காந்திருக்கேன்?"

"பாதிப் போர்வை ஊசிக்கு அடியில இருக்குண்ணா. அதை எடுக்க மாட்டேன்."

கடைக்காரர் வற்புறுத்தவில்லை. வாசலில் வந்து முட்டியவர்கள் சும்மா நிற்கக் கூச்சப்பட்டு வாங்கியதில், கடையில் ஊசி, நூல், பித்தான் எல்லாம் தீர்ந்திருந்தன.

சனிக்கிழமை, மாற்றிக் கொடுத்த மெஷின்களை எடுத்துப்போகக் கம்பெனி லாரி வந்தது. திறந்த லாரி. பழைய மெஷினை ஏற்றிக் கட்டிக்கொண்டு அது நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது, ஊரும் திரும்பியது. மூன்றாம் வகுப்பு உயர வரிசையில் போயிற்று. ஆசிரியை வாய்ப்பாட்டை நிறுத்தவில்லை. வங்கி மேலாளர் சாவிக்கொத்தோடு போனார். தையல்காரம்மாவிடம் சட்டை தைத்துப் போட்டிருந்த பாவத்துக்குக் கடைக்காரரும் போனார். காயப்போட்டிருந்த துணிகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஆளில்லாமல் முன்னால் போயின. லாரி வேகமெடுத்தபோது எல்லோருடைய கால்களும் தரையைவிட்டுச் சற்று உயர்ந்தன. சிலர் அதை வசதியாகவே உணர்ந்ததாகப் பின்னர் சொன்னார்கள்.

தொளதொளத்த உடையில் தையல்காரம்மா குறுக்குச் சந்தில் ஓடி, லாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"என்னம்மா, ஊரே பின்னால வருது?" என்றார் ஓட்டுநர், கண்ணாடியைப் பார்த்து.

"ஊர் வரல. துணி வருது. ஆளுங்க உள்ள இருக்காங்க."

ஓட்டுநர் விவரம் தெரிந்தவர். மெஷினை இறக்கத் தடையில்லை, ஆனால் கணக்குக்கு ஒரு மெஷின் ஏற வேண்டும், இல்லையென்றால் புதியதை ஏற்றிவிடுவேன் என்றார். தையல்காரம்மா கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அரையடி உயரத்தில் மிதந்தபடி கடைக்காரரைப் பார்த்தது. கடைக்காரர் பித்தான் விற்ற வேகத்தை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

"கடை மூலையில ஒண்ணு துருப்பிடிச்சுக் கிடக்கு. பிறந்ததுல இருந்து ஒரு தையல் போட்டதில்ல. அதை எடுத்துட்டுப் போப்பா. இது என்கிட்டயே இருக்கட்டும்."

"அப்ப தினமும் உங்க கடை வாசல்லயே நாங்க குடியிருக்கணுமா?" என்றார் நாத்தனார், மேலேயிருந்து.

தையல்காரம்மா நேரம் பேசி முடித்தார். கண்ணாடிப் பக்கத்து இரும்புக் கதவைக் காலை ஒன்பது முதல் பத்து வரை மட்டும் திறப்பது. அதற்குள் ஊர் தன் கடைத்தெரு வேலையை முடித்துக்கொள்வது. பழைய மெஷின் இறங்கிக் கடைக்குத் திரும்பியது, துருப்பிடித்தது லாரியில் ஏறியது. ஒருவரும் பின்னால் போகவில்லை.

போர்வை அடுத்த மாதம் முடிந்தது. இரண்டு கட்டிலுக்குப் போதுமான அகலம். யாரும் குறை சொல்லவில்லை. ஊர் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பழகிவிட்டது. பள்ளத் தெருவாசிகள் கனமான பைகளை அந்த நேரத்துக்கென்றே எடுத்து வைக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்கள் புதிதாகத் துணி தைக்கக் கேட்டு வருகிறார்கள், பழைய மெஷினிலேயே வேண்டும் என்கிறார்கள். கடைத்தெருவுக்குப் போகும் ஒன்பது மணிப் பேருந்தை, ஏற ஆளில்லை என்று, ஜூலை மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள்.