சுள்ளுத் தண்ணி

ரொசெர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"செத்துப்போச்சு."

"எது?" என்றாள் லாலி.

"தண்ணி. உயிரே இல்ல. இதுக்குக் குழாய்லயே பிடிச்சிருக்கலாம்."

லாலி கையிலிருந்த சைக்கிள் பாட்டிலைப் பார்த்தாள். பாதிதான் இருந்தது. மீதி, இறக்கம் முழுக்க மூடியின் வழியே பீய்ச்சி அவள் முழங்காலை நனைத்திருந்தது. மலைக்கு மேல் ஊற்றில் பிடிக்கும்போது குமிழி குமிழியாகப் பொங்கிய தண்ணீர்தான். சரளைக் கல்லில் குலுங்கிக் குலுங்கி, காற்றெல்லாம் போய், வீடு வந்தபோது இரும்பு வாடை மட்டும் மிஞ்சியிருந்தது. இத்தனை வருஷம் அக்கா ரொசெரோடு அந்தப் பாதையில் சைக்கிள் ஓட்டியவளுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சுள்ளுத் தண்ணியை ஊற்றடியிலேயே உட்கார்ந்து, ரொட்டியும் தொத்திறைச்சியும் தின்றுகொண்டே குடித்துத்தான் பழக்கம். யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

"கடையில சோடாத் தண்ணி பாட்டில் இருக்கே," என்றான் மார்ட்டி, அறை வாசலில் நின்றபடி.

"நேத்தே அதக் கப்புல ஊத்தி என்னை ஏமாத்தப் பாத்தான்டி." ரொசெர் கண்ணைத் திறக்கவில்லை. "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என் நாக்கு எப்படின்னு இவனுக்குத் தெரியல."

மார்ட்டி சிரித்தான். சிரித்துக்கொண்டே அறைக்கு வெளியே போனவன், கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை.

காலையில் வந்த நர்ஸ் சமையலறையில் அவனிடம் தணிந்த குரலில் பேசிவிட்டுப் போயிருந்தாள். ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த லாலிக்கு அது கேட்டது. இன்றைக்கே முடிந்துவிடலாம் என்றாள் நர்ஸ். ரொசெர் சாப்பிடுவதை நிறுத்திப் பல நாள் ஆகிவிட்டது. எதுவும் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் கேட்டது இந்தத் தண்ணீர் ஒன்றைத்தான்.

"மறுபடி போறேன்," என்றாள் லாலி.

"நீயா? அந்த ஏத்தத்த ஒரே நாள்ல ரெண்டு தடவ? சைக்கிளக் கையில பிடிச்சிட்டு நடப்பே."

"ஏறுவேன்."

"கால ஊணாம?"

"ஊணாம."

"பொய் சொல்றா பாரு," என்றாள் ரொசெர். அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது.

சமையலறையில் மார்ட்டி கம்பிப் பூட்டு வைத்த கண்ணாடிப் புட்டி ஒன்றைக் கொதிநீரில் கழுவிக்கொண்டிருந்தான். குழாய் வேலை பார்ப்பவன் அவன்; மூடியிலிருந்த பழைய ரப்பர் வளையத்தைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினான்.

"தண்ணிக்குள்ளயே முக்கி, கழுத்து வரைக்கும் ரொப்பு. மேல துளி இடம் விட்டா குலுங்கும், குலுங்கினா போச்சு." புட்டியைத் தன் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து அவளிடம் நீட்டினான். "லாலி, நீ திரும்பி வர்றதுக்குள்ள..."

"அவகிட்ட பேசிட்டே இரு," என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளை எடுத்தாள்.

ராத்திரி மழையில் பாதை இளகியிருந்தது. பட்டை உரிக்கப்பட்ட தக்கை மரங்கள் இடுப்பு வரை செக்கச்செவேலென்று நனைந்து நின்றன. கார்கள் போகாதபடி சங்கிலி கட்டியிருந்த இடத்தில் குனிந்து நுழைந்தாள். அதற்கப்பால் ஏற்றம். எப்போதும் அவள் இறங்கி நடக்கும் வளைவில் பின்சக்கரம் ஒரு முறை வழுக்கியது. இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, மூக்கு கைப்பிடியைத் தொடுமளவு குனிந்து, மிதித்தாள். வாய்க்குள் ரத்தம் சுவைத்தது. தொடை தீயாக எரிந்தது. காலை ஊன்றவில்லை. மேலே வந்தபோது அதைப் பார்க்க யாரும் இல்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கம் பாதையின் நடுவில் மஞ்சள் பலகை வைத்திருந்தார்கள். பன்றி வேட்டை. காலையில் இருக்கவில்லை. பக்கத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட சிஸ்கு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வேட்டைக் குழுவுக்குத் தலைவன்.

"திரும்பிப் போ, பொண்ணே. நாய விட்டாச்சு."

"ஊத்து வரைக்கும்தான் போகணும்."

"ஊத்துக்குப் பக்கத்துலதான் பன்னியும் இருக்கு. தண்ணி வேணும்னா கீழ குடி. ஞாயித்துக்கிழமை ஒருநாள் எங்களுக்கு விடக்கூடாதா? வாரம் பூரா நீங்கதான் சுத்துறீங்க, வண்ண வண்ணமா டவுசர் மாட்டிக்கிட்டு."

"என் அக்கா கேக்குறா, சிஸ்கு. ரொசெர்."

சிஸ்கு எழுந்தான். "போன வருஷம் என் பலகையத் தூக்கிப் பள்ளத்துல போட்டாளே, அவளா?"

"அவதான்."

"கேட்டதுக்கு, 'காடு உங்கப்பன் வீட்டுச் சொத்தா'ன்னா."

"ஆமா. சொல்லிருப்பா."

"அவளே வந்து கேக்கச் சொல்லு."

"அவளால வர முடியாது." லாலிக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. "இன்னைக்கு ராத்திரி வரைக்கும் இருப்பாளான்னு தெரியல. இந்தத் தண்ணி ஒண்ணுதான் கேட்டா. காலையில கொண்டுபோனேன், வழியிலயே காத்து போயிடுச்சு. நீ விடலேன்னாலும் நான் போவேன்."

காட்டுக்குள் எங்கோ நாய்கள் குரைத்தன. சிஸ்கு அவளுடைய கைகளைப் பார்த்தான். கைப்பிடியை அவை விடவில்லை. இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தான்.

"எல்லாரும் கேளுங்க. ஒரு பொம்பள சைக்கிள்ல வர்றா, செவப்புச் சட்டை. ஊத்துக்குப் போயிட்டுத் திரும்புற வரைக்கும் யாரும் துப்பாக்கியத் தூக்கக்கூடாது. குண்ட வெளிய எடுங்க."

"பன்னி வந்தா?" என்று ஒரு குரல் கரகரத்தது.

"வந்தா வணக்கம் சொல்லு."

லாலி போனாள். பாதையோரம் தூரம் தூரமாக ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் நெருங்கும்போது ஒவ்வொருவரும் துப்பாக்கி வாயைத் தரைக்குத் திருப்பிப் பிடித்தார். தாடிக்காரர் ஒருவர், "அடுத்த திருப்பத்துல சேறு, இடப்பக்கம் போ," என்றார்.

ஊற்று, பாறையில் துருப்பிடித்த கோடாக வழிந்து, கல்தொட்டியில் சுள்சுள்ளென்று வெடித்துக்கொண்டிருந்தது. முழங்கை வரை கையை விட்டுப் புட்டியைத் தண்ணீருக்குள் சாய்த்தாள். விரல்கள் மரத்துப்போயின. உள்ளேயே வைத்து மூடியை அழுத்திக் கம்பியைப் பூட்டினாள். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மேலே காற்றுக்குத் துளி இடமில்லை; குமிழி ஒன்றுகூட ஏறவில்லை.

கிளம்புமுன், குலுக்கல் குறையட்டுமென்று இரண்டு டயர்களிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினாள். இறக்கம் முழுக்க இருக்கையில் உட்காராமல், முழங்காலை வளைத்து நின்றபடியே வந்தாள். வேகமாகப் போனால் குலுங்கும். மெதுவாகப் போனால் நேரமாகும். ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்துச் சக்கரத்தைத் திருப்பினாள். வேறு எதையும் நினைக்கவில்லை.

மார்ட்டி கட்டிலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். எந்த வீட்டிலோ எப்போதோ உடைந்த குழாய் பற்றிய கதை. ரொசெரின் வாய் திறந்திருந்தது. ஒவ்வொரு மூச்சையும் யோசித்து யோசித்து விட்டாள்.

"கண்ணத் தொறந்தே ரொம்ப நேரமாச்சு. முழுங்க மாட்டா, லாலி."

லாலி ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலருகே மண்டியிட்டு, புட்டியை அக்காவின் காதோரம் பிடித்துக் கம்பியை நெம்பினாள். டப்பென்று திறந்தது. தண்ணீர் சீறிக்கொண்டு அவள் கையில் வழிந்தது.

"ரொசெர். கொண்டுவந்துட்டேன். கால ஊணல."

நர்ஸ் வைத்துவிட்டுப் போன பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை நனைத்து, சொட்டச் சொட்ட வைத்தாள்.

ரொசெரின் மூக்கு சுருங்கியது. முதலில் லேசாக, பிறகு நன்றாக. நெற்றி நெரிந்தது. தும்மினாள். சிறிய, பூனைத் தும்மல். உதட்டிலிருந்த துளிகள் லாலியின் முகத்தில் தெறித்தன.

"சுள்ளுன்னு இருக்கா?" என்றான் மார்ட்டி.

ரொசெர் நாக்கை உள்ளிழுத்து, வாயை மூடி, சுவைத்தாள். அவ்வளவுதான். மூச்சுகளுக்கு நடுவிலிருந்த இடைவெளி மெல்ல அகன்றது. லாலி அடுத்ததற்காகக் காத்திருந்தாள். மார்ட்டியும் காத்திருந்தான். அது வரவில்லை. பிறகு அவன் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தான்.

மாலையில் சந்துக்குள் ஒரு ஜீப் ஏறி வந்து வாசலில் நின்றது. பின்னால் நாய்க் கூண்டு. லாலி அதே சிவப்புச் சட்டையோடு வெளியே வந்தாள். சிஸ்கு இறங்கி, கனத்த பிளாஸ்டிக் பை ஒன்றை நீட்டினான்.

"உன் பங்கு. வரிசையில நின்ன எல்லாருக்கும் உண்டு. நீயும் வரிசையில வந்தவதானே."

"பன்னி வந்துச்சா?"

"வணக்கம் சொல்லலாம்னு பாத்தோம், நீ போனப்புறம்தான் வந்துச்சு." சிஸ்கு காலணிச் சேற்றைப் படியில் தேய்த்தான். "எலும்போட வெட்டிருக்கேன். அவளுக்கு சூப் வெச்சுக் குடு. பலகைய நான் இன்னும் மறக்கலேன்னு சொல்லு."

பை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. லாலி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"சொல்றேன்," என்றாள்.

அப்போது சந்தின் கீழே, சவப்பெட்டி ஏற்றும் நீளமான சாம்பல் நிறக் கார் ஒன்று திரும்பி, ஜீப் வழியை அடைத்திருப்பதைப் பார்த்து நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை. சிஸ்கு காரைப் பார்த்தான். மாடியில் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தான். தலையிலிருந்த தொப்பியை எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைக்குள் திணித்துக்கொண்டான்.

கூண்டில் ஒரு நாய் குரைத்தது. சிஸ்கு கம்பிக்குள் விரலை விட்டான். அது அடங்கி, விரலை நக்கத் தொடங்கியது. பிறகு அவன் ஜீப்பில் ஏறி, கழுத்தை வெளியே நீட்டி, சுவரில் உரசிவிடாமல், மேலே ஆலிவ் தோட்டம் வரை ஏற்றிக்கொண்டுபோய் வழியை விட்டான். என்ஜினை அணைத்தான். உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.