பணம் போய்ச் சேரும்வரை

எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் சுலோச்சனாவுக்கு எப்போதும் உண்டு. இந்த முறை அந்தப் பயம் ஒரு ஃபாரத்தின் பதினோராவது கட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. 'எங்கள் கம்பெனியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்று கேட்டிருந்தார்கள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். ஒரு வார்த்தை கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்று பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

கார்டில் பணம் கட்டுகிறவர் பணத்தோடு கூடவே போகவேண்டும். பணம் கடைக்காரர் கணக்கில் சேர்ந்ததும் திரும்பி வந்துவிடலாம். வழக்கமாக இரண்டு நாள் ஆகும், நடுவில் சனி ஞாயிறு வந்தால் நாலு. அதுவரை, பணத்தை வாங்கிக் கொடுக்கிற கம்பெனியின் ஹாலில் உட்கார்ந்திருக்க வேண்டும். கரூரில் யாராவது கார்டைக் கையில் எடுத்தால், வீட்டில் உள்ளவர்கள் ஒரு மாற்றுத்துணியும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். தவணையில் வாங்கியவர்கள் மட்டும் மாதம் கொஞ்சமாகத் திரும்பி வருவார்கள். எதிர்வீட்டு நாச்சிமுத்து ஃபிரிட்ஜ் வாங்கி ஏழு மாதம் ஆகிறது. அவருடைய இடது கை அடுத்த மாதம் வரவேண்டும். அதுவரை வலது கையாலேயே சைக்கிளைச் சமாளிக்கிறார்.

சுலோச்சனாவின் கணவர் சதாசிவம் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மிதித்து மிதித்து அவளுக்கு முட்டி வீங்குகிறது என்று, தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்கப் போனார். கடைக்காரர் கார்டைத் தேய்த்தார். 'செயல்பாட்டில் உள்ளது' என்று காட்டியது. பில்லுக்குக் கையை நீட்டினார் சதாசிவம். நீட்டிய கையோடு போய்விட்டார். பணம் வராததால் மோட்டாரைத் தரமாட்டேன் என்றார் கடைக்காரர். அது நியாயம்தான். பிறகு அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது, அதை இன்னொன்று வாங்கியது. வாங்கும்போதெல்லாம் ஹாலில் இருந்த ஆட்களும் கைமாறினார்கள். இப்போது அவர் எந்த ஹாலில் இருக்கிறார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை, அவருடைய பிறந்தநாளன்று, 'உங்கள் பணம் செயல்பாட்டில் உள்ளது. பொறுமைக்கு நன்றி' என்று ஒரு மெசேஜ் வரும். சுலோச்சனா அதைப் படித்துவிட்டு ஃபோனைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அன்று மட்டும் பாயசம் வைப்பாள்.

நேராகக் கேட்டுவிடலாமே என்றால் முடியாது. தாந்தோணிமலையில் ஒரு டீச்சர் தன் தம்பியைக் காணோம் என்று புகார் கொடுத்தார். கம்பெனி விசாரித்து அந்தப் பரிவர்த்தனையை ரத்து செய்தது. ஒரே வாரத்தில் பணம் திரும்பி வந்துவிட்டது. தம்பி போனதும் ரத்து, இருந்ததும் ரத்து. ரேஷன் கார்டில் அவர் பெயர் இருந்த இடத்தில் இப்போது ஒரு கோடுகூட இல்லை. அதிலிருந்து புகார் என்ற வார்த்தையைச் சுலோச்சனா வாயால் சொன்னதில்லை. ஃபோனில் யாராவது 'ஏதாவது குறை உண்டுங்களா?' என்றால்கூட 'ஒண்ணுமில்லைங்க' என்று உடனே வைத்துவிடுவாள்.

அதனால்தான், தலையணை உறையை ஆன்லைனில் விற்கலாம் என்று நாத்தனார் கௌசல்யா சொன்னதும் சரி என்றாள். கடைக்காரி எந்தக் கம்பெனியை வைத்துக்கொள்கிறாளோ, வாடிக்கையாளர்கள் அந்தக் கம்பெனியின் ஹாலுக்குத்தான் போவார்கள். போனால் நாலு முகத்தைப் பார்ப்பார்கள்.

முதலில் நீலச் சட்டைக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார்.

"எங்ககிட்ட ஹாலே கிடையாதுங்க மேடம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பணம் சேர்ந்துடும். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது."

"உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லீங்களா?"

"எதுக்குங்க உட்காரணும்?"

அவர் போனதும் கௌசல்யா சொன்னாள்: "இதையே எடுத்துக்கலாங்கண்ணி. ஜனங்களுக்கு ஆயிரம் வேலை கெடக்கும்."

"பார்க்கலாம்."

"என்னத்தைப் பார்க்கறது? நீங்க சேலை எடுக்கப் போனாலே கடைக்காரன் ஷட்டரை இறக்கற வரைக்கும் பார்ப்பீங்க."

இரண்டாவதாக வந்தவர் ஆல்பம் கொண்டுவந்திருந்தார். ஏ.சி. ஹால், பெரிய டி.வி., இரண்டு வேளை டீ. சுலோச்சனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பழைய ஆட்கள் யாராவது இருப்பாங்களா?" என்று பட்டும் படாமலும் கேட்டாள்.

"சேச்சே. மீந்தவங்களை மாசக் கடைசியில கூட்டிப் பெருக்கிடுவோம்" என்றார் அவர்.

சுலோச்சனா அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினாள்.

மூன்றாவது கம்பெனியிலிருந்து அமிர்தவல்லி என்ற அம்மாள், வருவதாகச் சொன்ன நாளுக்கு ஐந்து நாள் கழித்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஹாலையும் பழைய ஆட்களையும் பற்றி அவரிடமும் சுலோச்சனா கேட்டாள்.

"அஞ்சு நாள் ஆகும்னு சொல்லச் சொன்னாங்க. நெசத்துல ஆறு. மரப் பெஞ்சுதான். மூணு கம்பெனியை வாங்கிட்டோம், ஆட்களையும் சேர்த்து. நாங்க யாரையும் கூட்டறதுமில்லை, பெருக்கறதுமில்லை." ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "ஏன், உங்களுக்கு அங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

சுலோச்சனா டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இல்லைங்க. சும்மா கேட்டேன்" என்றாள்.

அமிர்தவல்லி ஃபாரத்தை வைத்துவிட்டுப் போனார். பதினோராவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று சுலோச்சனா இரண்டு நாள் யோசித்தாள். கடைசியில், 'ஹாலில் கொசு இல்லை என்று கேள்விப்பட்டேன்' என்று எழுதினாள். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

உறைகள் நன்றாகவே விற்றன. ஆறு நாள் கழித்துத் திரும்பி வந்த ஒவ்வொருவருக்கும் சுலோச்சனா ஃபோன் செய்தாள். துணி பிடித்திருக்கிறதா, சாயம் போகிறதா என்று விசாரித்துவிட்டு, "அங்கே கூட்டம் எப்படிங்க?" என்று மெல்ல இறங்குவாள். சிலர் திட்டினார்கள். பெஞ்சு முதுகை உறுத்துகிறது என்றார்கள். நாமக்கல்லில் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கும் ஒருவர், பத்தொன்பதாவது ஆள், இப்படிச் சொன்னார்:

"மூணாவது தூண்கிட்ட ஒரு பெரியவருங்க. வலது கையை நீட்டிட்டே உட்கார்ந்திருக்காரு. ஏதோ கேக்கறாருன்னு ஒரு ஆரஞ்சைக் கொடுத்தேன். வேண்டாம்னு திருப்பிக் கொடுத்துட்டாரு. பில்லுக்குக் காத்திருக்கேன்னாரு."

சுலோச்சனா ஃபோனை வைத்துவிட்டு, பாதி தைத்திருந்த உறையைத் தைத்து முடித்தாள். பிறகு கௌசல்யாவைக் கூப்பிட்டாள்.

"உங்கண்ணன் பெரியவர் மாதிரி ஆயிட்டாராம்."

"போறீங்களா அண்ணி?" என்றாள் கௌசல்யா.

"போனாலும் ஆறு நாள்ல திருப்பி அனுப்பிடுவாங்க. அதுக்குத்தான் ஒண்ணு யோசிச்சிருக்கேன்."

அன்று கடைக்கு விடுமுறை என்று போட்டார்கள். கம்பெனிக்குக் கொடுத்திருந்த வங்கிக் கணக்கு எண்ணில் ஒரு ஆறைச் சுலோச்சனா ஒன்பதாக மாற்றினாள். அப்படி ஒரு கணக்கு எங்கும் இல்லை என்று நாலு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். இனி அவள் கட்டுகிற பணம் எங்கும் போய்ச் சேராது.

"நீங்க போனதும் எண்ணைச் சரி பண்ணிட்டு, நான் நீலச் சட்டைக்கு மாறிக்கறேன்" என்றாள் கௌசல்யா.

"மாறிக்கோ. இனிமே வருஷத்துக்கு ரெண்டு மெசேஜ் வரும். படிச்சுட்டு அழிச்சுடாதே. மறந்தும் புகார் மட்டும் கொடுத்துடாதே."

"உறை என்ன கலருங்கண்ணி?"

"எதுவா இருந்தா என்ன?"

"அண்ணனுக்குக் கத்திரிப்பூ கலர் ஆகாது."

"எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, சுலோச்சனா தன் கடையிலேயே சந்தன நிறத்தில் ஓர் உறையைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினாள்.

ஹால் பெரியதாக இருந்தது. கொசு இருந்தது. மூன்றாவது தூணருகே சதாசிவம் முழுக்க நரைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார்.

"நீ எதுக்கு வந்தே?"

"தலையணை உறை வாங்கினேனுங்க."

அவர் அவளுடைய முட்டியைப் பார்த்தார். "மோட்டார் வந்துருச்சா?"

"அப்பவே வந்துருச்சு. நல்லா ஓடுதுங்க" என்றாள். தப்பாகச் சொல்கிறோம் என்ற பயம் அப்போது அவளுக்கு வரவில்லை.

சற்று நேரத்தில் ஒரு குமாஸ்தா அவள் பெயரைக் கூப்பிட்டார். "உங்க பணம் போய்ச் சேரலைங்க. அப்படி ஒரு கணக்கே இல்லைன்னு வருது. பார்த்துச் சொல்றோம், உட்காருங்க."

"எத்தனை நாள் ஆகுங்க?"

"சொல்ல முடியாது."

"அவசரமில்லைங்க. மெதுவாப் பாருங்க."

அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில் ஹால் வேறு ஊருக்குப் போகும். மணி அடித்ததும் எல்லோரும் காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்கள். சுலோச்சனாவும் வைத்துக்கொண்டாள். ஹால் மெல்ல எழுந்து, அமராவதிப் பாலத்தைத் தாண்டி நடக்கத் தொடங்கியது. திருப்பங்களில் ஒருவர் இருவர் நழுவி வேறு ஹாலுக்குப் போய்விடுவது உண்டு என்று சதாசிவம் சொன்னார். சுலோச்சனா வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, தன் முந்தானையை அவருடைய சட்டைத் தோளோடு சேர்த்துக் குத்தினாள். ஒன்று போதாது என்று பட்டதால் இன்னொன்றும் குத்தினாள்.