அந்த வீட்டில் மகனே கிடையாது

சுஹைபை அவன் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. 'யாபா' என்பார். சுஹைபும் அவரை 'யாபா' என்றுதான் கூப்பிடுவான். யாபா என்றால் அப்பா. பிள்ளை தன்னை எப்படிக் கூப்பிடுகிறதோ அதே சொல்லால் பிள்ளையையும் கூப்பிட்டுக் கொஞ்சுவது அந்த மலைப்பக்கத்துப் பழக்கம். அம்மாவும் மகனை 'யம்மா' என்பாள். கதவுக்கு வெளியே நின்று யாராவது ஒட்டுக்கேட்டால், உள்ளே இரண்டு அப்பாக்களும் இரண்டு அம்மாக்களும் குடித்தனம் நடத்துவதாகத்தான் நினைத்துக்கொள்வார்கள்.

போதாக்குறைக்குக் குரலும் ஒன்று. அப்பா நாயிஃபின் தொண்டையை அப்படியே நகலெடுத்து மகனுக்குப் பொருத்தியது மாதிரி இருக்கும். கலீல் நகரத்திலிருந்து அத்தை போன் செய்தால் முதல் கேள்வியே, "யாரு பேசறது, அப்பனா மவனா?" என்பதுதான். ஒருமுறை சுஹைப் அப்பாவாகவே பேசி, "பையன் உசுரக் கொடுத்துப் படிக்கிறான், அவனுக்கு ஒரு நல்ல சட்டையா எடுத்து அனுப்பு" என்று சொல்ல, சட்டையும் வந்து சேர்ந்தது. விஷயம் தெரிந்ததும் நாயிஃப் கோபப்படவில்லை. "அடுத்த தடவை எனக்கும் சேர்த்துக் கேளு யாபா. என் கழுத்து அளவு உனக்குத்தான் தெரியுமே" என்றார்.

நாயிஃப் டைல்ஸ் பதிக்கிறவர். ராணுவம் போட்ட வேலிக்கு அந்தப் பக்கம் போய், அங்கே குடியேறியவர்களுடைய வீடுகளில் தரை போட அவருக்கு ஓர் அனுமதி அட்டை இருந்தது. குடும்பத்தின் ரொட்டி அந்த அட்டையின் மேல்தான் வெந்தது. நாயிஃப் குடும்பத்து ஒலிவ மரங்களும் வேலிக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் அந்த அட்டை அதற்குச் செல்லாது. முன்பின் தெரியாதவன் வீட்டுக் குளியலறை வரைக்கும் போகலாம், சொந்த மரத்தடிக்குப் போகக் கூடாது. மரத்தடிக்குப் போக வேலியில் மஞ்சள் கதவு ஒன்று இருந்தது. அறுவடை நேரத்தில் ராணுவம் வந்து அதைத் திறந்துவிடும். அந்த வருஷம் திறக்கவில்லை. காரணம் கேட்டபோது, கதவைத் திறக்கிறவர் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். காய்களுக்கு அது தெரியவில்லை. அவைபாட்டுக்குப் பழுத்துக் கீழே விழுந்துகொண்டிருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை, பகல் தொழுகை முடிந்த கையோடு, நாயிஃப் கம்பி வெட்டுகிற பெரிய கத்திரியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார். போகிற அவசரத்தில் மகனுடைய போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு போனும் ஒரே கறுப்பு. அவருடையதே சுஹைப் வைத்திருந்து கழித்ததுதான். கொஞ்ச நேரத்தில் வீட்டில் கிடந்த அப்பாவின் போன் அடித்தது. சுஹைப் எடுத்தான்.

"யாபா, பூட்டை வெட்டிட்டேன். தார்ப்பாயும் சாக்கும் எடுத்துட்டு ஓடியா."

"வந்துட்டேன் யாபா."

அன்றைக்கு மாதிரி அப்பாவைச் சுஹைப் பார்த்ததில்லை. மரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு, வெட்டிய பூட்டைக் காதில் வைத்து, "அலோ, ராணுவமா? உங்க ஆளு விடுப்புல நல்லா ஓய்வெடுக்கட்டும். கதவ நாங்களே பாத்துக்கறோம்" என்று பேசிக்காட்டினார். சுஹைப் சிரித்ததில் கையிலிருந்த காயெல்லாம் சிதறியது. பொழுது சாயும்முன் சாக்குகளைக் கழுதை மேல் ஏற்றிவிட்டார்கள். "நீ அம்மானுக்குப் படிக்கப் போறப்ப இந்த எண்ணெயிலதான் ஒரு தகர டப்பா எடுத்துட்டுப் போகணும்" என்றார் நாயிஃப். அம்மான் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. எல்லையிலிருக்கும் பாலம் தாண்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். பாலத்தில் நிற்பவர்கள், தண்டனை பெற்றவன் என்று திரையில் பார்த்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு வாரம் கழித்து, காலையில் கல்லூரிக்குப் போகிற வழியில், சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி சுஹைபை மட்டும் இறக்கினார்கள்.

விசாரித்தவர் கேப்டன் ரம்ஸி. ரம்ஸி என்பது அவர் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. வேலையில் சேர்ந்தபோது நாற்காலி, மேசையோடு கொடுத்தது. அரபு நன்றாகவே பேசினார். படத்தில் வருகிற பெரிய வீட்டு மருமகன் மாதிரி. மேசை மேலிருந்த கணினியைத் தட்டினார். 'யாபா, பூட்டை வெட்டிட்டேன்' என்றது அது. 'வந்துட்டேன் யாபா' என்று அதுவே பதிலும் சொல்லிக்கொண்டது.

"இதுல ரெண்டு யாபா இருக்கு" என்றார் கேப்டன். "ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் அப்பாங்கறீங்க. உங்க வீட்டுல மகனே கிடையாதா?"

சுஹைப் கணினியையே பார்த்தான்.

"பூட்டை வெட்டுனேன்னு சொல்ற குரல் உன் நம்பர்லேர்ந்து வந்திருக்கு. உன் அப்பன் நம்பர்ல எடுத்துப் பேசியிருக்காங்க. நீ வெட்டுன. அப்பன கூப்பிட்ட. கணக்கு நேரா இருக்கு. ஆனா எனக்கு உங்க பழக்கம் தெரியும்டா. அப்பனும் மகன யாபாம்பான். அதனால அவசரப்படாம உன் அப்பனையே வரச்சொல்லிக் கேட்டேன்."

"என்னன்னு?"

"வெட்டுனேன்னு சொல்றது நீயா, உன் பையனான்னு."

சுஹைபுக்கு உள்ளே ஒரு சின்ன நிம்மதி வந்தது. அப்பா 'நான்தான்' என்று சொல்லியிருப்பார். பிறகு அதற்காகவே வெட்கப்பட்டான். அப்பாவின் அட்டை போய்விடுமே.

"பையன்தான்னு சொல்லிட்டாரு" என்றார் கேப்டன்.

சுஹைப் சிரித்துவிட்டான். இந்த வித்தை ஊரில் எல்லாருக்கும் தெரியும். உன் அண்ணன் சொல்லிட்டான், உன் சிநேகிதன் கையெழுத்துப் போட்டுட்டான். அந்த அறையில் உட்காராதவன்கூட அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்வான்.

"எங்கப்பா அப்படிச் சொல்லமாட்டாரு."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. எனக்கும் நம்பிக்க வரல. ஏன்யா, நீங்க பிள்ளைய யாபான்னு கூப்பிடறது இல்லயான்னு கேட்டேன். அதுக்கு அந்த ஆளு என்ன சொன்னாரு தெரியுமா?" கேப்டன் சொல்லும்முன்பே சிரிக்க ஆரம்பித்தார். "'கேப்டன், கழுதைகூடத் தன் குட்டியப் பாத்து அப்பான்னு கத்தாது. நாங்க படிக்காதவங்கதான், அதுக்காகக் கழுதையவிட மோசமா?'ன்னாரு."

சுஹைபின் சிரிப்பு பாதியில் நின்றது. கேப்டனுக்குப் பொய் சொல்லத் தெரியும், அது அவர் தொழில். ஆனால் இந்த மாதிரி வேடிக்கையாகப் பேச அவருக்கு வராது. பூட்டைக் காதில் வைத்துப் பேசிய அதே வாய்தான் இது. அந்தக் கழுதை சுஹைப் வீட்டுக் கழுதை.

"இப்ப சொல்லு" என்றார் கேப்டன். "யாரோட குரல்?"

சொல்ல ஒரே ஒரு சொல் போதும். 'அப்பாவோடது.' சுஹைப் வாயைத் திறக்கவில்லை. அப்பா நீதிமன்றத்துக்கு வருவார், மகன் முகத்தைப் பார்த்தால் தாங்கமாட்டார், எழுந்து சொல்லிவிடுவார் என்று நினைத்துக்கொண்டான். அதுவரைக்கும் அவருக்கு அவகாசம் கொடுக்கலாம்.

நீதிமன்றம் என்பது தகரக் கொட்டகை. கால் சங்கிலியோடு, பழுப்புச் சட்டையில் சுஹைபைக் கொண்டுவந்து உட்காரவைத்தபோது, பின்வரிசையில் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். கிட்டே போகக் கூடாது என்பதால், இருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் குடும்பத்து விஷயமெல்லாம் அந்த அறைக்கு மேலாகக் கத்திப் பேசித் தீர்க்க வேண்டும்.

"யம்மா, சாப்புடறியா? இளைச்சிட்டியேடா!" என்றாள் அம்மா.

"சாப்புடறேன் யம்மா. இங்க சமைக்கறவனுக்கும் உப்பு அனுமதி மறுத்துட்டாங்கபோல, அதான் ஒரு குறை."

அம்மா சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. "உங்கப்பா சரியா தூங்கறதே இல்லடா" என்றாள். எதற்கு அதைச் சொன்னாள் என்று சுஹைபுக்கு விளங்கியது. அவளுக்கும் தெரியும். அவள் போனை எடுக்காவிட்டாலும், அன்றைக்குக் கத்திரியோடு யார் வெளியே போனார் என்று பார்த்தவள் அவள்தான்.

நாயிஃப் ஒன்றும் கத்தவில்லை. வாயில் வழக்கமாக வருகிற அந்த ஒரு சொல்கூட வரவில்லை.

வழக்கறிஞர் ஸனா குனிந்து, சுஹைபின் காதோடு பேசினாள். "போன் உன்னோடது. உங்கப்பா வாக்குமூலம் வேற இருக்கு. ஒத்துக்கிட்டா சில மாசத்தோட போயிடும். உன் குரல் இல்லன்னா இப்பவே சொல்லு. ஆனா அப்புறம் யாரோடதுன்னு கேப்பாங்க. அதுக்கும் பதில் சொல்லணும்."

"வாக்குமூலத்தக் காட்டுனாங்களா உங்களுக்கு? நிஜமாவே இருக்கா?"

"படிச்சேன். கழுதைவரைக்கும் அப்படியே எழுதிவெச்சிருக்காங்க."

நீதிபதி கேட்டார். மொழிபெயர்க்கிற சிப்பாய்ப் பையன் வாயில் எதையோ மென்றபடி அதை அரபில் சொன்னான். "இந்தக் குரல் உன்னோடதா?"

சுஹைப் திரும்பி அப்பாவைப் பார்த்தான். நாயிஃப் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டகைக்கு யாரோ தாறுமாறாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். அவர் காலடியில் ஒன்று தூக்கிக்கொண்டு நின்றது. அவர் செருப்பு நுனியால் அதை அழுத்தி அழுத்திப் பார்த்தார். மகன் பார்க்கிறான் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பிடரி சிவந்திருந்தது. ஆனால் தலை நிமிரவில்லை. உலகத்திலேயே அப்போது முக்கியம் அந்த ஒரு கல் மட்டம் ஆவதுதான் என்பது போல அழுத்திக்கொண்டே இருந்தார்.

எழுந்து நிற்பார் என்று சுஹைப் ஒரு மூச்சு காத்தான். இன்னொரு மூச்சும் காத்தான். சிப்பாய்ப் பையன் மெல்லுவதை நிறுத்திவிட்டு, "காது கேக்கலயா?" என்றான்.

"என்னோடதுதான்" என்றான் சுஹைப். "எங்க வீட்டுல அந்தக் குரல் ஒண்ணுதான் இருக்கு."

மொழிபெயர்ப்பில் முதல் வாக்கியம் மட்டும் போனது. அதுவே போதுமானதாக இருந்தது.

அம்மானில் வகுப்புகள் தொடங்கியபோது சுஹைப் சிறையில் இருந்தான். அறையில் ஐந்து பிள்ளைகளைப் பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார், நல்ல மனிதர். தட்டை நீட்டி, "இந்தா யாபா, இதையும் சாப்புடு" என்பார். சுஹைப் திரும்பமாட்டான். இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, பையனுக்கு ஒரு காது மந்தம் என்று பெரியவர் முடிவு செய்து, தொட்டுக் கூப்பிட ஆரம்பித்தார்.

குளிர் முடியும் சமயம் அவனை வெளியே விட்டார்கள். சாவடிக்கு இந்தப் பக்கம், யாரிடமோ இரவல் வாங்கிய காரோடு நாயிஃப் தனியாக நின்றிருந்தார். முகச்சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டிருந்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"யாபா!"

சுஹைப் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. மறுபடி அவரைப் பார்த்து, "யாரக் கூப்பிடறீங்க?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், நாயிஃப் கார் கதவைத் திறந்துவிட்டார்.

பாதி வழி வந்தாயிற்று. பிறகு நாயிஃப், ரோட்டைப் பார்த்தபடியே, "அட்டையையும் புடுங்கிட்டாங்க" என்றார்.

"எந்த அட்டை?"

"வேலை அட்டை. நீ உள்ள போன மறு மாசமே. 'நீ சொன்னதால உனக்கு ஒண்ணும் ஆகாது, உன் அட்ட பத்திரம்'னு அந்த ரம்ஸி என் கையப் புடிச்சுச் சொன்னான். அப்புறம் சாவடியில காட்டுனா, திரையப் பாத்துட்டு, தண்டனைக் கைதியோட அப்பன் உள்ள போகக் கூடாதுங்கறான்."

சுஹைபுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. "அதுல மட்டும் யார் அப்பன், யார் மகன்னு அவங்களுக்குச் சரியா தெரிஞ்சிருக்கு" என்றான்.

மகன் சிரித்ததைக் கண்டு நாயிஃபின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. அவரும் சேர்ந்து சிரிக்கப் போனார். அதற்குள் சுஹைப் நிறுத்திவிட்டான்.

"வீட்டுல மூணு வயிறு யா..." என்று தொடங்கியவர், அந்தச் சொல்லைப் பாதியோடு விழுங்கினார். "நீ போனா திரும்பி வருவ, அட்ட போனா திரும்பாதுன்னு நெனச்சேன்."

"என்னக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம். கேட்டிருந்தா நானே சரின்னுருப்பேன். கேக்காம கழுதையச் சாட்சிக்கு இழுத்துட்டீங்க."

அப்போது வண்டியின் முன்பலகையில் கிடந்த போன் அடித்தது. அத்தை. நாயிஃப் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்ததால் சுஹைப் எடுத்தான்.

"அலோ."

"அல்லாவே, வந்தாச்சா! யாரு பேசறது, அப்பனா மவனா?"

சுஹைப் ஒலிபெருக்கியைப் போட்டு, போனை அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினான். "நீங்களே சொல்லுங்க. குரல் கண்டுபிடிக்கறதுல நீங்கதான் கெட்டிக்காரர்."

நாயிஃப் வண்டியை ஓரமாக நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். தரையில் பார்க்க டைல்ஸ் எதுவும் இல்லை.

"நான்தான்" என்றார், மெதுவாக.

"நான்தான்னா யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அத்தை. "பேரச் சொல்லித் தொலையேன்."