கழுத்து வரை ஒயின்

“ஊத்தாதீங்க!” என்று கத்தியபடியே பாய்ந்து ஏலக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தாள் அவள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருபது பேர் கோப்பையும் கையுமாகக் காத்திருந்தார்கள்.

“என்னம்மா, நீங்க கையெழுத்துப் போட்டாத்தானே ஏலமே நடக்கும்?”

“அதனாலதான் நிறுத்தச் சொல்றேன்.”

நாற்பது வருட வெள்ளை ஒயின், ஆறு பாட்டில். மாமனார் விட்டுப்போன சொத்து. பெட்டியை ஏலத்துக்குக் கொண்டுவந்தவன் கொழுந்தன். அசல்தான் என்று அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். அது பொய்யென்று பிறகு தெரிந்தால், ஒயின் ருசி பார்த்தே இருபது வருடமாகச் சம்பாதித்த பேர் ஒரே நாளில் காலி.

கார்க்கில்தான் முதல் சந்தேகம். இத்தனை வயசுக்கு அது பொடிப்பொடியாக உதிர வேண்டும். இதுவோ சமர்த்தாக முழுசாக வந்தது. அடுத்து, ஒயின் நின்ற உயரம். நாற்பது வருடத்தில் ஆவியாகி இரண்டு விரல்கடையாவது இறங்கியிருக்க வேண்டாமா? கழுத்து வரை தளும்பியது!

கொழுந்தன் இளித்தான். “அண்ணி, என்னைப் பாத்தாலே உங்களுக்குத் திருடன் ஞாபகம்தான்.”

“நின்னுபோன கடிகாரத்தை ஓடுதுன்னு வித்தவன்தானே நீ?”

“அரை நாள் ஓடுச்சே!”

அவள் தனக்கு மட்டும் கொஞ்சம் ஊற்றி, கோப்பையைச் சுழற்றி முகர்ந்தாள். தேன். வறுத்த பாதாம். அடியில் லேசான மண்ணெண்ணெய் வாடை. வயசான வெள்ளை ஒயினில் சில ரகத்துக்கு அதுதான் அழகு. அசலேதான்! ஒரு வாய் எடுத்து, நாக்கில் புரட்டி, வாளியில் துப்பினாள். பெரியவர் பேசும்போது குறுக்கே புகுந்த விடலை மாதிரி, நடுவில் ஒரு பச்சை ஆப்பிள் புளிப்பு.

“யாரோ பாதியைக் குடிச்சிட்டுப் புதுசை ஊத்தியிருக்காங்க. நீதானே?”

“சத்தியமா இல்ல அண்ணி! பெட்டி என் கைக்கு வந்ததே இன்னிக்குக் காலையிலதான்.”

“அதுவரைக்கும் எங்க இருந்துச்சு?”

அவன் செருப்பு நுனியைப் பார்த்தான். அவள் இரண்டாவது வாய் எடுத்தாள். இம்முறை துப்பவில்லை. அந்தப் புளிப்பு நன்றாகப் பழகிய புளிப்பு. அவளே வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்து, தினமும் ராத்திரிச் சாப்பாட்டோடு அரைக் கோப்பை ஊற்றிக்கொள்ளும் ஒயினுடையது.

பேனாவை மூடினாள். “சொல்லு தம்பி.”

“சொல்லக் கூடாதுன்னார்... நீங்க வெளியூர் போயிருந்த ரெண்டு வாரமும் உங்க வீட்லதான் இருந்துச்சு. கழுத்து வரைக்கும் இருந்தாத்தான் விலை போகும்னு நீங்க அடிக்கடி சொல்வீங்களாமே? அதான், குடிச்ச அளவுக்கு அண்ணனே ரொப்பி வச்சுட்டார்.”