அவள் பெயரில் அடைக்கப்பட்ட வழி

நகர அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் அவளை எல்லோரும் மதிலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கிற மதில், வேலி, தடுப்புக் கம்பி எல்லாவற்றையும் நடந்தே போய்ப் பார்த்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு உயரம், நடுவில் வழி உண்டா என்று கணினி வரைபடத்தில் ஏற்றுவது அவள் வேலை. "நாமெல்லாம் சுவத்துல முட்டிக்குவோம், இவங்க அதுகிட்ட குசலம் விசாரிப்பாங்க" என்று பக்கத்து மேசைக்காரர் கிண்டலடிப்பார்.

அக்காவின் குடியிருப்புப் பின்மதிலையும் அவள்தான் ஏற்றினாள். ஆளுயரச் செங்கல் மதில்; நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி. அந்தப் பக்கத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு தையல்காரியும் இன்னும் முப்பது நாற்பது பேரும் அதன் வழியாகத்தான் பேருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். இடைவெளியைக் குறித்து 'பொதுவழி' என்று எழுதி, தையல்காரியிடமும் அதைச் சொல்லிவிட்டு, மதியம் அக்கா வீட்டில் சாப்பிட்டாள். "இதெல்லாம் எப்படிடி போடுற?" என்று அக்கா கேட்டபோது மடிக்கணினியில் பெருமையாகக் காட்டவும் செய்தாள். பிறகு தலைவலி என்று படுத்தாள். அக்கா போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தையல்காரி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"உங்களை நம்பித்தானேம்மா சும்மா இருந்தோம்? குடியிருப்புக்காரங்க வழியை அடைச்சுட்டாங்க. கேட்டா, வரைபடத்துல வழியே இல்லையாம்."

"இல்லையே, நான் போட்டிருக்கேனே!"

திரையைத் திறந்தாள். மதில் ஒரே கோடாக ஓடியது. மாற்றியவர் என்ற இடத்தில் அவள் பெயரே. அவள் மதிலை ஏற்றிய அதே நாள், பிற்பகல் இரண்டு பத்து. அவள் தூங்கிக்கொண்டிருந்த நேரம்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே?"

அக்கா மழுப்பவில்லை. "ஒரு கோட்டைச் சேர்த்தேன், அவ்வளவுதான். அத்தான் குடியிருப்புச் சங்கத் தலைவர் தேர்தல்ல நிக்கிறார். வெளியாளுங்க உள்ள வராம வழியை அடைச்சுத் தர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டார்."

"அதுக்கு என் பேரா கிடைச்சுது?"

"வேற யாருடி இருக்கா எங்களுக்கு?"

"போர்த்திவிட்டியே, அது எதுக்குக்கா? நான் முழிக்காம இருக்கவா?"

அக்கா அடுத்த துணியை எடுத்தாள்.

மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு நெற்றியைத் தடவினார். "கைத்தவறுன்னு எழுதினா போதுமேம்மா. அக்காவை எதுக்கு இழுக்கணும்?"

"நான் தப்பா போடலை சார்."

பத்து நாளில் ஆட்கள் வந்து அடைத்த செங்கலைப் பெயர்த்தார்கள். கணினியைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கியதற்காக அவளை ஆறு மாதம் கோப்பு அறையில் உட்கார வைத்தார்கள். அத்தான் தேர்தலில் தோற்றார்.

அக்கா ஒரே ஒருமுறை தொலைபேசினாள். "கூடப் பிறந்தவளைக் காட்டிக் கொடுத்துட்டியேடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சொந்தக்காரர் வட்டத்தில் அந்தப் பேச்சுத்தான் பரவியது. பெரியம்மாவும் சித்தியும் ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டு அவளுக்கே புத்தி சொன்னார்கள். அவள் யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லை. "சரி சித்தி, சரி பெரியம்மா" என்று கேட்டுக்கொண்டாள்.