சிவப்பில் நின்ற விடியல்

தீபாவளி கழிந்த திங்கட்கிழமையிலிருந்து செல்லூர் அழகுபாண்டி வீட்டுக்கு விடியவில்லை. பக்கத்து வீடுகளுக்கு வழக்கம்போல் விடிந்தது. பால்காரர் அவன் வாசலுக்கு மட்டும் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார்.

அழகுபாண்டி, விசைத்தறிகளில் சேலை டிசைன் ஓட்டும் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருந்தான். புதிய பதிப்பு எது வந்தாலும் எல்லா வகைத் தறியோடும் தானாகவே ஓட்டிப் பார்க்கும் முறையை அங்கே எழுதியவள் ஹெப்சிபா. ஒத்துப்போனால் திரையில் பச்சை, மோதினால் சிவப்பு. பச்சை வந்தாலும் முதலில் ஒரு தறிக்கு, பிறகு ஒரு தெருவுக்கு, அதன் பிறகுதான் ஊருக்கு. பண்டிகை அவசரத்தில் அழகுபாண்டி சிவப்பைத் தாண்டி ஒரே அமுக்கில் ஊர் முழுக்க விட்டான். தறிகளெல்லாம் பாவு நூலை அறுத்துத் தள்ளின. அமுக்கியது ஹெப்சிபா என்று சொல்லி அவளை வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டான். தறிக்காரர்கள் அவள் வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்விகளில் அவள் அம்மா சர்ச்சுக்குப் போவதையே விட்டாள். வேறெந்தக் கம்பெனியும் ஹெப்சிபாவை வேலைக்குக் கூப்பிடவில்லை.

அவள் யாரிடமும் வாதாடவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து விடியலையும் அதே முறையில் சேர்த்தாள். அன்றிலிருந்து அது முதலில் கொட்டாம்பட்டிக் கிணறு ஒன்றில் விடிந்து, கீழக்குயில்குடி மலைக்கு வந்து, பிறகு தெருத்தெருவாக நகரத்தில் இறங்கியது. ஒவ்வொரு வீட்டோடும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே போனது. பொய் குடியிருந்த அழகுபாண்டி வீட்டில் மட்டும் சிவப்பு. அவன் வீட்டுக் கொடியில் துணி காயவில்லை, சுவரில் காளான் பூத்தது.

வருடக்கணக்கில் தாங்கிவிட்டு, ஒருநாள் தறிக்காரர்கள் கூடும் டீக்கடை முன்னால் வந்து நின்றான். "அமுக்குனது நாந்தான். அந்தப் பிள்ளை வேணாம்னுதான் சொல்லுச்சு."

"இதைச் சொல்ல இம்புட்டு இருட்டு வேண்டியிருந்துச்சாக்கும்" என்றார் முத்திருளன் என்ற தறிக்காரர். மறுவாரமே தறிக்காரர்கள் ஹெப்சிபாவிடம் சாஃப்ட்வேர் கேட்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அழகுபாண்டியும் வந்தான். அவள் திரையில் அவன் வீட்டுக்கும் பச்சை எரிந்தது.

"பச்சை வந்துருச்சே தாயி. விட்டுரு."

அவள் நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். "ஒரே அமுக்குல விடக் கூடாதுண்ணே. மொதல்ல ஒரு ஜன்னலுக்கு விடுவோம். ஒத்துக்கிட்டா அடுத்த வருசம் அடுத்த ஜன்னல்."

அவன் பெருமைக்காக நிறைய ஜன்னல் வைத்துக் கட்டியிருந்தான். இதுவரை அடுப்படி ஜன்னலுக்கு மட்டும் விடிந்திருக்கிறது. போன தையில் அவன் மகளின் நிச்சயதார்த்தத்தை அங்கேதான் வைத்தார்கள். பத்திரிகையிலேயே அப்படித்தான் போட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஹெப்சிபாவையும் அழைத்திருந்தார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், வயிறாரச் சாப்பிட்டு வந்தாள்.