விழுந்தால் சிரிக்காத ஊர்

சினிமாவில் விழுவதற்கென்றே ஓர் ஆள் உண்டு என்றால் அது மாரீஸ்வரன்தான். இருபத்திரண்டு வருடங்களாக விழுந்துகொண்டிருக்கிறார். கிணற்றில் விழுந்திருக்கிறார், சாணிக் குழியில் விழுந்திருக்கிறார், ஒரு படத்தில் கல்யாணப் பந்தலையே இழுத்துக்கொண்டு விழுந்தார். பெரிய காமெடி நடிகர் முன்னால் நின்று வசனம் பேசுவார். பின்னால் நிற்கும் நாலு பேரில் ஒருவர் தொபுக்கடீர் என்று விழுவார். அந்த ஒருவர் இவர். பேர் தெரியாவிட்டாலும் முகம் தெரியும். சொந்த ஊரான ஆர்.எஸ்.மங்கலத்தில் பஸ் ஏறினால், "நீங்க விழுவீங்கள்ல" என்று யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள்.

விழுவது சுலபம் என்று நினைப்பவர்கள் ஒரு தரம் விழுந்து பார்க்கலாம். பேசிச் சிரிக்க வைப்பது ஒரு தினுசு. அடுத்தவன் பேச்சுக்குச் சுடச்சுடக் கவுன்ட்டர் கொடுப்பது இன்னொரு தினுசு. ஆளை மாற்றி நினைத்துக்கொண்டு வம்பில் மாட்டுவது உண்டு, ஒன்றுமே பேசாமல் முழித்தே சிரிக்க வைக்கிற பெரிய மனிதர்களும் உண்டு. இதற்கெல்லாம் பாஷை வேண்டும், முன்கதை வேண்டும். விழுவதற்கு ஒன்றும் வேண்டாம். கைக்குழந்தையும் சிரிக்கும், காது கேட்காதவரும் சிரிப்பார். ஒரே ஒரு நிபந்தனைதான், விழப்போவது விழுகிறவனுக்குத் தெரிந்த மாதிரி இருக்கக் கூடாது. கண் இமை கொஞ்சம் காட்டிக்கொடுத்தாலும் காரியம் கெட்டது.

இப்போது காலம் மாறிவிட்டது. முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சாவு வீட்டில் நின்று ஜோக் சொல்வதுதான் காமெடி என்கிறார்கள். மாரீஸ்வரனுக்கு அதில் கோபம் இல்லை, அவரும் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் கடைசியாக நடித்த மூன்று படங்களிலும், நீளம் அதிகம் என்று அவர் விழுந்ததை வெட்டித் தூக்கிவிட்டார்கள். மூன்றாவது படத்துக்கு மனைவி கலைச்செல்வி சொந்தக்காரர்கள் பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் தியேட்டருக்குப் போனாள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அவளுடைய சித்தி, "மாப்பிள்ள எதுல வந்தாரு?" என்று கேட்டிருக்கிறார். கலைச்செல்வி வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை. சித்தியே போன் பண்ணிச் சொன்னார்.

அதனால் மாரீஸ்வரன் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இந்தப் படத்தில் இருப்பது ஒரே ஒரு காட்சி. இதுவும் திரைக்கு வராவிட்டால் சென்னை அறையைக் காலி செய்துவிட்டு, மச்சானின் உரக்கடையில் உட்கார்ந்துவிட வேண்டியது.

டைரக்டர் சுஹா கீழக்கரைப் பெண், முப்பது வயது, முதல் படம். சிறுபிள்ளையில் மாரீஸ்வரன் விழுவதைப் பார்த்துச் சிரித்து மூக்கில் டீ ஏறியதாகச் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தாள். அதற்காகவே அவளுக்கு நன்றாக நடித்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். அவருக்குக் கல்யாணத் தரகர் வேஷம். மண்டபம் கடற்கரையில் ஊரே கூடி நிற்கிறது. தரகர் வெள்ளைச் சட்டையோடு வள்ளத்தின் முனையில் நின்று, "கடலெல்லாம் நமக்குக் கம்மாத் தண்ணி மாதிரி" என்று பீற்றிக்கொண்டே கால் தடுக்கிக் கடலில் விழுகிறார். ஊர் சிரிக்கிறது. அவ்வளவுதான் காட்சி.

கரையில் நிற்க உள்ளூர்க்காரர்கள் முப்பது பேரைப் பிடித்திருந்தார்கள். பாதிப் பேர் மீன்பிடிக்கிறவர்கள், மீதி கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கிற பெண்கள். உதவி டைரக்டர் அருள்முருகன் அவர்களிடம், "அவர் விழுந்ததும் எல்லாரும் சிரிங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். வேறென்ன சொல்ல வேண்டும்?

முதல் டேக்கில் மாரீஸ்வரன் விழுந்தார். அருமையான விழுகை, இமைகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. தண்ணீருக்குள் போய் நிமிர்வதற்குள் யாரோ அவருடைய முடியைப் பிடித்தார்கள். இன்னொருவர் சட்டைக் காலரை, மூன்றாமவர் இடுப்பை. சிரிக்க நின்றவர்களில் ஆறு பேர் குதித்திருந்தார்கள். கரையில் குப்புறப் போட்டு முதுகில் தட்டியபோதுதான், "ஐயா, எனக்கு நீச்சல் தெரியும்" என்று அவரால் சொல்ல முடிந்தது.

இரண்டாவது டேக்குக்கு முன்னால் அருள்முருகன், யாரும் குதிக்கவே கூடாது என்று கறாராகச் சொன்னான். குதிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. முப்பது முகமும் இழவு வீடு மாதிரி நின்றன. ஒருவர் மட்டும் பொறுக்க முடியாமல் கயிற்றை வீசினார்.

சுஹா தலையைப் பிடித்துக்கொண்டாள். விழுவதும் சிரிப்பதும் ஒரே ஷாட்டில் வர வேண்டும், தனித்தனியாக எடுத்து ஒட்டினால் டைமிங் போய்விடும் என்பது அவள் கொள்கை. அதில் தப்பும் இல்லை. கூட்டத்தைப் பார்த்து, "ஏன் சிரிக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள்.

பாசி எடுக்கிற பெண்களில் ராக்கு என்பவள்தான் பதில் சொன்னாள். நாற்பது வயதிருக்கும். "பாப்பா, மணல்ல விழச் சொல்லு, வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். கடல்ல விழுந்த ஆளப் பாத்து எங்கனாலும் சிரிப்பாகளா? எங்க ஊர்ல இல்ல."

"அவரு நடிக்கிறாருக்கா."

"அது அவருக்குத் தெரியுது, உனக்குத் தெரியுது. கடலுக்குத் தெரியுமா?"

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, மறுநாள் வேறு இடத்தில் படப்பிடிப்பு. சரியாக வராவிட்டால் காட்சியைத் தூக்கிவிட வேண்டியதுதான் என்று சுஹா கேமராமேனிடம் மெதுவாகச் சொன்னது மாரீஸ்வரன் காதில் விழுந்தது. அவர் நேராக ராக்குவிடம் போனார். கை கூப்பினார்.

"தாயி, இது வெட்டுப்பட்டா எனக்குச் சினிமாவே முடிஞ்சு போகும். எனக்காக ஒரு தடவ சிரிச்சிருங்க. நான் பத்திரமா வந்திருவேன்."

"சரிண்ணே, உங்களுக்காக" என்றாள் ராக்கு. பிறகு அவளே மற்றவர்களைத் திரட்டி, ஒன்று இரண்டு மூன்று சொல்லிச் சிரிக்கப் பழக்கினாள்.

பாதுகாப்புக்கென்று வைத்திருந்த நீச்சல்காரர்கள் இருவரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கரை முழுக்கக் கடல்காரர்கள் நிற்கும்போது அவர்கள் எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கடல்காரர்களைத்தான் குதிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம் என்பதும் தோன்றவில்லை. மத்தியானக் காற்று வள்ளத்தைத் திருப்பிவிட்டிருந்தது, நங்கூரக் கயிறு தொய்ந்து மாரீஸ்வரன் விழும் பக்கமாக வந்திருந்தது. அதையும் யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது டேக்கில் மாரீஸ்வரன் விழுந்தார். தண்ணீர் தலைக்கு மேல் மூடும்போதே அந்தச் சத்தம் கேட்டது. முப்பது பேரும் சிரிக்கிறார்கள். கச்சிதமான நேரத்தில் வந்த சிரிப்பு. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். காலை உதைத்து மேலே வரப் பார்த்தார். வலது கால் வரவில்லை.

கயிறு கணுக்காலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. குனிந்து பிரிக்கப் பார்த்தார், இறுகியது. ஒன்றரை ஆள் ஆழம். எம்பினால் ஒரு கை மட்டும் தண்ணீருக்கு மேலே போனது. அந்தக் கையை ஆட்டினார். மேலே சிரிப்பு இன்னும் பலமானது. இந்த முறை படக்குழுவும் சேர்ந்து சிரித்தது. மாரி அண்ணன் காட்சியில் இல்லாததைச் சேர்த்து நடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் அந்தச் சத்தத்துக்காகத்தான் விழுந்தார். இப்போது அது நின்றால் போதும் என்றிருந்தது. யாராவது ஒருத்தர் சிரிக்காமல் இருங்களேன் என்று நினைத்தார். கலைச்செல்வியை நினைத்தார். உப்புத் தண்ணீர் உள்ளே போக ஆரம்பித்தது.

அப்போது கணுக்காலை ஒரு கை பிடித்தது. கயிற்றை இழுக்காமல், எதிர்ப்பக்கமாகத் தளர்த்தி, ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று அவிழ்த்தது. பிறகு அதே கை அவருடைய முடியைப் பிடித்து மேலே தூக்கியது.

கரையில் கிடந்து இருமி முடித்ததும் அவர் முதலில் பார்த்தது, ஈரச் சேலையோடு மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராக்குவை. சுஹா அவர் காலைத் தொட்டுப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"எப்படித் தெரிஞ்சுச்சு தாயி?" என்று கேட்டார்.

"நடிக்கிற கை தண்ணிய அடிக்கும்ணே. உங்க கை விரிஞ்சு விரிஞ்சு மூடுச்சு. எதையாவது பிடிக்கத் தேடுற கை அது."

மாரீஸ்வரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. "இத்தன வருசத்துல நான் விழுந்து எல்லாரும் சிரிக்கையில சிரிக்காத ஆளு நீங்க ஒருத்திதான். உங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்."

ராக்கு தலையைக் குனிந்துகொண்டாள். "அப்படிச் சொல்லாதீகண்ணே. நானும் சிரிச்சேன். நீங்க கேட்டீகன்னு நல்லாவே சிரிச்சேன். அதனாலதான் கொஞ்சம் சுணங்கிப்போச்சு. மன்னிச்சுக்கங்க."

உயிரைக் காப்பாற்றியவள் மன்னிப்புக் கேட்கிறாள். மாரீஸ்வரன் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பாறையில் பாசி பறித்துப் பறித்துத் தோல் உரிந்த விரல்கள்.

படப்பிடிப்பை நிறுத்தியாயிற்று. காட்சியே வேண்டாம் என்று சுஹா சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் மாரீஸ்வரன் அவள் தங்கியிருந்த இடத்துக்குப் போனார். உரக்கடைக்குப் போகப் பயந்து அல்ல. கரையில் கிடந்தபோதே ஒரு விஷயம் அவருக்குப் பிடிபட்டிருந்தது.

"சுஹாம்மா, நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் குடுங்க. நான் விழுறேன். யாரையும் சிரிக்கச் சொல்ல வேணாம். அவங்க என்ன செய்வாங்களோ செய்யட்டும்."

"அப்ப காமெடி எங்கண்ணே இருக்கு?"

"ஒருத்தன் பந்தாவா விழுறான். ஊரே அவனக் காப்பாத்தியே தீருவேன்னு மேல விழுது. அவன் நீச்சல் தெரியும் தெரியும்ங்கிறான், ஒருத்தரும் விட மாட்டேங்கிறாங்க. தியேட்டர்ல உக்காந்திருக்கிறவங்க சிரிப்பாங்க. கரையில நிக்கிறவங்க எதுக்குச் சிரிக்கணும்?"

சுஹா, நீச்சல்காரர்கள் இருவரும் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், வள்ளத்தில் நங்கூரக் கயிறே இருக்கக் கூடாது என்று சொல்லி ஒத்துக்கொண்டாள்.

காலையில் அதே முப்பது பேரும் வந்தார்கள். அருள்முருகன் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் இஷ்டம் என்றான். மாரீஸ்வரன் வள்ளத்தின் முனையில் ஏறினார். காலில் கயிற்றுத் தடம் இன்னும் சிவந்திருந்தது. பயம் இருந்தது, அதில் பொய் சொல்லக் கூடாது. கரையில் ராக்கு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் பாதி போயிற்று. வசனத்தைச் சொன்னார், கால் தடுக்கியது, விழுந்தார்.

தண்ணீருக்குள் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகத் தொம், தொம், தொம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆட்கள் குதிக்கிற சத்தம் கேட்டது. எண்ணினார். பதினேழு வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. ஒரு தரகருக்கு, அதுவும் பொய்த் தரகருக்கு, பதினேழு பேர். தனக்கு எவ்வளவு கொடுத்து வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ஷாட்தான் படத்தில் இருக்கிறது, ஒரு நொடிகூட வெட்டவில்லை. ராமநாதபுரம் தியேட்டரில் கலைச்செல்வியின் சித்தி சிரித்துச் சிரித்து முன் சீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டாராம். ஆனால் நியாயமாகப் பார்த்தால் அதில் மாரீஸ்வரன் ஒரு தப்புச் செய்திருக்கிறார். தண்ணீரிலிருந்து வெளியே வரும்போது தரகர் அலறியிருக்க வேண்டும். இவர் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே வந்தார். சுற்றிலும் பதினேழு தலை, கையில் காலில் சட்டையில் எல்லாம் கைகள், நடுவில் ராக்கு அவருடைய முடியைப் பிடித்திருந்தாள்.

"சிரிக்காதீகண்ணே," என்று அதட்டினாள், "தண்ணி உள்ள போயிரும்."